ஸ்கேன் செய்த பாலைச் செடிகளை வைத்து முதியவர்களுக்கு ஒரு மெதுநடை: யோசனை தேவை

#1 கோத்தகிரிக்காரி

எல்லோருக்கும் வணக்கம். கோத்தகிரி பக்கம் முதியவர்களுக்கான ஒரு பகல்நேர இல்லத்தில் பிசியோதெரபி பார்க்கிறேன். ஐப்பசி பிறந்தால் எங்கள் ஆட்களை வெளியே நடக்கக் கூட்டிப்போக வழியே இல்லை. அடைமழை, பத்தடிக்கு அப்பால் தெரியாத மூடுபனி, பாசி பிடித்த படிகள். ஹாலுக்குள்ளேயே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற இடத்தில் கால் தூக்கி வைக்கச் சொல்வோம், இல்லாவிட்டால் நாற்காலியில் உட்கார்ந்து பெடல் மிதிக்கச் சொல்வோம். வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம்தான் மிதிப்பார்கள்?

அதற்காக டிவியில் ஓடும் ஒரு நடைபாதை செய்துகொண்டிருக்கிறேன். பெடல் மிதித்தால் பாதை முன்னே நகரும், விட்டால் நிற்கும். 3D உருவம் செய்ய பிளெண்டரும், அதை கேம் மாதிரி ஓடவைக்க கோடோவும்தான் கருவிகள், இரண்டும் இலவசம்.

பாதை போகும் இடம் பாலைவனம். நீலகிரியில் உட்கார்ந்துகொண்டு பாலைவனமா என்று வீட்டிலேயே கேட்டுவிட்டார்கள். எங்களிடம் வருபவர்களில் பலர் எஸ்டேட்டில் கொழுந்து எடுத்தவர்கள். பச்சை மலைச்சரிவு வீடியோ ஒன்றைப் போட்டபோது ஒரு பாட்டி, "கவ்வாத்து பண்ணாம விட்டிருக்காங்க, செடி உசந்துபோச்சு" என்று கவலைப்பட ஆரம்பித்துவிட்டார். பச்சைச் சரிவைப் பார்த்தாலே அவருக்கு வேலை நினைப்பு வருகிறது, கூடவே முட்டிவலி நினைப்பும். ஏற்ற இறக்கம் இல்லாத காய்ந்த தரையில் கால் வீசி நடப்பதுதான் இந்த மலையில் வாழ்ந்தவர்களுக்குக் கிடைக்காத சுகம்.

செடிகளுக்கு, 3D மாடல்களை இலவசமாகத் தரும் பாலி ஹேவன் தளத்தைப் பயன்படுத்துகிறேன். தென்னாப்பிரிக்காவின் நமக்குவாலாந்து பகுதியில் செடிகளையும் பாறைகளையும் ஸ்கேன் செய்து (அதாவது சுற்றிலும் படம் எடுத்து 3D உருவமாக்கி), யாரும் எதற்கும் எடுத்துக்கொள்ளலாம் என்று பொதுவில் விட்டிருக்கிறார்கள். சதைப்பற்றுச் செடிகள், முட்புதர்கள், பெரிய உருண்டைப் பாறைகள், குவிவர் மரம் எல்லாம் உண்டு.

தரையில் எவ்வளவு செடி வைக்கலாம், என்ன வேகத்தில் நகர்த்தலாம், சத்தம் என்ன வைப்பது, இந்த மூன்றிலும் அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

#2 முக்கோணம்

கோவையில் கேம் கம்பெனி ஒன்றில், கேமில் வரும் இடங்களை உருவாக்கும் என்விரான்மென்ட் வேலை செய்கிறேன் மேடம். ஸ்கேன் மாடல் எடுப்பவர்கள் எல்லோரும் முதலில் மாட்டுவது எடையில்தான். 3D உருவம் எல்லாம் சின்னச் சின்ன முக்கோணங்களால் ஆனது, பாறை ஒன்றே பல லட்சம் முக்கோணங்களோடு வரலாம். இல்லத்தில் இருப்பது சாதாரண லேப்டாப் என்றால் ஒவ்வொரு செடிக்கும் மூன்று தரத்தில் மாடல் வையுங்கள்: பக்கத்தில் முழுசு, நடுத்தூரத்தில் பாதிக்கும் கீழே, தூரத்தில் சும்மா ஒரு உருவம். கோடோ 4 இதைத் தானாகவே ஓரளவு செய்துவிடும். ஒரே செடியை நூறு இடத்தில் நடுவதற்கு கோடோவின் மல்டிமெஷ் வசதியைப் பயன்படுத்துங்கள், தனித்தனியாக நட்டால் மெஷின் திணறும்.

பாலைச் செடி எடுத்தது நல்ல முடிவு. காட்டு மரத்தின் இலையெல்லாம் ஒளி ஊடுருவும் அட்டைகளாகத்தான் வைக்க முடியும், ஒன்றின்மேல் ஒன்று அடுக்கும்போது கிராபிக்ஸ் கார்டு அழுதுவிடும். சதைப்பற்று இலை கெட்டியான உருவம், அந்தத் தொல்லை இல்லை.

கேமராவை ஆட்டாதீர்கள். நடப்பதுபோல் மேலும் கீழும் குலுக்கினால் நிஜமாக இருக்கும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். உட்கார்ந்திருப்பவருக்குத் தலைசுற்றல்தான் வரும். பார்வைக் கோணத்தையும் 50, 55 டிகிரிக்குள் வையுங்கள். அகலமாக வைத்தால் டிவியின் இரண்டு ஓரமும் விர்ரென்று பின்னால் ஓடும்.

#3 குன்னூர்_தாவரவியல்

அம்மா, கல்லூரியில் தாவரவியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். ஸ்கேன் நுட்பம் எனக்குத் தெரியாது, செடி தெரியும். தயவுசெய்து ஒரு பாலையில் இன்னொரு பாலையின் செடியைக் கொண்டுவந்து நட்டுவிடாதீர்கள். இணையத்தில் பார்க்கும் பாலைவனப் படங்களில் பாதி இப்படித்தான் இருக்கின்றன. கை தூக்கி நிற்கும் சகுவாரோ கள்ளிக்குப் பக்கத்தில் ஒட்டகம் நிற்கும். சகுவாரோ வளர்வது அமெரிக்காவின் அரிசோனா, மெக்சிகோவின் சொனோரா பக்கம். கள்ளிக் குடும்பமான காக்டேசியே, ஒரே ஒரு இனத்தைத் தவிர, முழுக்க அமெரிக்கக் கண்டங்களுக்கே உரியது. நமக்குவாலாந்தில் இயல்பாக வளரும் காக்டஸ் கிடையாது.

அங்கே இருப்பவை வேறு. நீங்கள் சொன்ன குவிவர் மரம் கற்றாழை உறவு. தண்டு கிளைத்துக்கொண்டே போகும், ஒவ்வொரு முறையும் இரண்டிரண்டாக. கிளைகள் மேலே வெள்ளைப் பொடி பூசியதுபோல் இருக்கும், அது வெயிலைத் திருப்பி அனுப்பும். பஞ்சம் முற்றினால் சில கிளைகளைத் தானே கழித்துவிட்டு மிச்சத்தைக் காப்பாற்றிக்கொள்ளும். அந்தப் பக்கத்துப் பழங்குடிகளான சான் மக்கள் அதன் கிளையைக் குடைந்து அம்பு வைக்கும் கூடு செய்தார்கள். ஜூன், ஜூலையில் மஞ்சளாகப் பூக்கும்.

அந்தப் பகுதியின் மழை ஆண்டுக்குச் சுமார் 100 முதல் 250 மில்லிமீட்டர்தான், அதுவும் அவர்களுடைய குளிர்காலத்தில். ஊட்டியில் 1,200 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. அந்தக் கொஞ்சத் தண்ணீரைத் துளித்துளியாகச் சேர்த்து வைத்து வாழும் சதைப்பற்றுச் செடிகள் உலகிலேயே அங்கேதான் அதிகம்.

#4 கோடைக்_கள்ளித்தோட்டம்

கொடைக்கானலில் பாலித்தீன் கூரை போட்டு காக்டஸ் வளர்க்கிறேன், திறந்தவெளியில் விட்டால் இந்த ஈரத்துக்கு அடித்தண்டு அழுகிவிடும். பொழுதுபோக்குக்கு ஸ்கேனும் செய்வேன். சார் சொன்னதால் என் கோல்டன் பேரல் காக்டஸை உங்களுக்குத் தர முடியாது போலிருக்கிறது, அது மெக்சிகோக்காரர். ஆனால் ஆப்பிரிக்கச் செடிகளும் தொட்டியில் இருக்கின்றன. வேண்டுமென்றால் ஸ்கேன் செய்து அனுப்புகிறேன்.

மலையில் இருப்பவர்களுக்கு இதில் ஒரு பெரிய அனுகூலம் உண்டு, யாரும் பேசுவதில்லை. பாலைவனத்தில் போய் ஸ்கேன் செய்பவர்களுக்கு வெயில்தான் எதிரி. நிழல் அப்படியே செடியின் நிறத்தோடு ஒட்டிப் பதிந்துவிடும், அப்புறம் கணினியில் வேறு திசையிலிருந்து வெளிச்சம் போட்டால் இரட்டை நிழல் தெரியும். இங்கே மேகம் மூடிய காலை நேரம் இருக்கிறதே, அதைவிட நல்ல லைட் காசு கொடுத்தாலும் கிடைக்காது. நாலா பக்கமும் ஒரே மாதிரி வெளிச்சம், நிழலே இல்லை.

செய்முறை சொல்கிறேன். தொட்டிக்கு அடியில் நியூஸ்பேப்பர் விரித்துவிடுங்கள். எழுத்துகளைப் பிடித்துக்கொண்டுதான் மென்பொருள் எந்தப் படம் எங்கிருந்து எடுத்தது என்று கண்டுபிடிக்கும். தொட்டியைச் சுழற்றாதீர்கள், நீங்கள் சுற்றி வாருங்கள். தரை மட்டத்தில் ஒரு சுற்று, இடுப்பு உயரத்தில் ஒரு சுற்று, மேலிருந்து ஒரு சுற்று. ஒரு படமும் அடுத்த படமும் முக்கால் பங்காவது ஒன்றின்மேல் ஒன்று படிய வேண்டும். அளவுக்கு ஒரு ஸ்கேலைப் பக்கத்தில் வையுங்கள். இலையில் மெழுகுப் பளபளப்பு இருந்தால் லென்ஸுக்கு மினுக்கத்தைக் குறைக்கும் போலரைசர் ஃபில்டர் போடுங்கள், இல்லையென்றால் மினுக்கம் ஒவ்வொரு படத்திலும் இடம் மாறி இலையில் பள்ளம் விழுந்ததுபோல் வரும். படங்களை 3D உருவமாக்க மெஷ்ரூம் என்ற மென்பொருள் இலவசம், அது போதும்.

முள் மட்டும் வராது. மெல்லிய முள்ளை மென்பொருள் அழுக்கு என்று நினைத்துத் தேய்த்துவிடும், இல்லாவிட்டால் கட்டி கட்டியாக ஒட்டிவைக்கும். நான் உடம்பை மட்டும் ஸ்கேனில் எடுத்துக்கொண்டு, ஒரு முள்கொத்தை பிளெண்டரில் கையால் செய்து, முள் முளைக்கும் ஒவ்வொரு புள்ளியிலும் வைப்பேன். பொறுமை வேண்டும்.

#5 சீகூர்_வாசி

ஒரு சந்தேகம் அக்கா. அவ்வளவு தூரம் தென்னாப்பிரிக்காவுக்கு ஏன் போகணும்? மசினகுடி, சீகூர் பக்கம் எங்கள் ஊர் மழைமறைவுப் பகுதி. முள்காடு, உடைமரம், இலந்தை, ஆளுயரத்துக்கு மேலே சதுரக்கள்ளி. மேலே ஊட்டியில் ஸ்வெட்டர் போட்டிருக்கும்போது கீழே எங்களுக்கு வியர்க்கும். நம்ம மண்ணு, நம்ம செடி. பாட்டிகளுக்கும் பழக்கம்.

#6 குன்னூர்_தாவரவியல்

தம்பி சொல்லும் சதுரக்கள்ளி யூபோர்பியா வகை. உடைத்தால் பால் வரும், கள்ளிப்பால் தெரியாத தமிழன் உண்டா! ஆப்பிரிக்காவிலும் இதன் உறவுகள் ஏராளம். வரப்பில் நிற்கும் சப்பாத்திக்கள்ளிதான் உண்மையான காக்டஸ், அமெரிக்காவிலிருந்து வந்தது, உடைத்தால் பால் வராது. தென்னிந்தியா முழுக்கப் படர்ந்து தொல்லை கொடுத்ததால் 1920-களில் அதைத் தின்னும் கோச்சினீல் வகைப் பூச்சி ஒன்றைக் கொண்டுவந்து விட்டு அடக்கினார்கள்.

ஆனால் சீகூர் பாலைவனம் இல்லை, உலர்ந்த முட்காடு. நல்ல மழை பெய்தால் புல் இடுப்புக்கு வரும். இரண்டையும் கலக்காமல் தனித்தனியாகச் செய்தால் இரண்டுமே அழகு.

#7 கோத்தகிரிக்காரி

சீகூர் தம்பி, அந்த நடையையும் செய்ய ஆசைதான். புலிகள் காப்பகத்து எல்லையில் வண்டியை விட்டு இறங்கவே கூடாது, யானைத்தடம் வேறு. அதனால் பட்டா நிலத்து வேலியோரம் நிற்கும் சதுரக்கள்ளியை நீங்களே போனில் படம் எடுத்து அனுப்புங்கள், அடுத்த நடைக்குச் சேர்த்து வைக்கிறேன். இந்த நடைக்கு மட்டும் ஊர் ஞாபகமே வராத இடம் வேண்டும்.

கொடைக்கானல் சார், ஆப்பிரிக்கச் செடிகளை மட்டும் அனுப்புங்கள், எந்த ஊர்ச் செடி என்று பெயரோடு. தாவரவியல் ஐயாவிடம் காட்டிவிட்டுத்தான் நடுவேன்.

எவ்வளவு செடி என்ற கேள்விக்கு எனக்குத் தெளிவு வந்துவிட்டது. மாடல் நிறையக் கிடைத்தவுடன் தரையெல்லாம் நிரப்பத்தான் கை போகும். நிரப்பினால் அது நர்சரி ஆகிவிடும், பாலைவனம் ஆகாது. பாலையில் செடிகள் தள்ளித் தள்ளி நிற்கின்றன, ஒவ்வொன்றின் வேரும் சுற்றிலும் உள்ள மண்ணின் தண்ணீரைப் பிடித்து வைத்திருப்பதால். அந்த வெற்று மண்தான் இந்த நடையில் முக்கியமான பொருள். ஒரு செடியைத் தூரத்திலேயே பார்த்து, அதை நோக்கிப் போய், பக்கத்தில் வந்து, தாண்டிப் போக நேரம் வேண்டும். அந்த நேரத்தில் எங்கள் ஆட்களின் மூச்சு நிதானமாவதை நான் கண்ணால் பார்க்கிறேன். செடிக்கு மேல் செடி வந்தால் கண் எதிலும் நிற்காது, தோளும் இறுக்கமாகவே இருக்கும்.

இடைவெளி என்றால் சமமான இடைவெளியும் இல்லை. தானியங்கி முறையில் தூவினால் தென்னந்தோப்பு மாதிரி வருகிறது. நிஜத்தில் குட்டிச் செடிகள் பாறையை ஒட்டியும் புதரின் அடியிலும்தான் பிழைக்கும். தெற்கு அரைக்கோளத்தில் உச்சி வெயில் வடக்கிலிருந்து அடிப்பதால் பாறையின் நிழல் தெற்குப் பக்கம் விழும். அதனால் பாறைக்குத் தெற்கே நாலைந்து குட்டிச் செடி, அப்புறம் வெகுதூரத்துக்கு ஒன்றுமில்லை, அப்புறம் ஒரு புதர் என்று கையாலேயே நட்டுக்கொண்டிருக்கிறேன்.

தரைக்குத்தான் அதிக உழைப்பு போகிறது. வயதானவர்கள் திரையில்கூட மலையைப் பார்ப்பதில்லை, இரண்டடிக்கு முன்னால் உள்ள தரையைத்தான் பார்க்கிறார்கள். விழுந்துவிடுவோமோ என்ற பயம் கண்ணிலேயே குடியிருக்கிறது. ஆகவே காலடியில் நாலு மீட்டருக்குள் இருக்கும் மண்ணுக்கு மிக நல்ல டெக்ஸ்ச்சர் (மேலே ஒட்டும் படம்), பொடிக்கல், காய்ந்த சருகு எல்லாம். பாதையில் தடுக்குகிற மாதிரி ஒரு கல்கூட வைக்கவில்லை. பாதை நல்ல பாதை என்று நம்பிக்கை வந்தபின் தானாகத் தலை நிமிர்கிறது.

#8 வெலிங்டன்_செவிலி

பாதைக் கல்லைப் பற்றி எழுதியதைப் படித்தவுடன் உங்களைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது சிஸ்டர். முதியோர் வார்டில் வேலை பார்த்த அனுபவத்தில் சொல்கிறேன், வி.ஆர். கண்ணாடி மாட்டச் சொல்லி யாராவது வற்புறுத்தினால் சம்மதிக்காதீர்கள். அரைக் கிலோ எடை, மூக்குக் கண்ணாடியோடு பொருந்தாது, ஆளுக்கு ஆள் துடைக்க வேண்டும். மறதி நோய் உள்ளவருக்கு அறை திடீரென்று மறைந்துபோனால் பயந்துவிடுவார். டிவிதான் சரி, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் முகமும் தெரியும்.

சுவரைப் பற்றிச் சொன்னீர்கள். ரோஜர் உல்ரிச் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1984-ல் வெளியிட்ட ஆய்வு இதே விஷயம்தான். பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனையில் பித்தப்பை அறுவை சிகிச்சை செய்துகொண்ட 46 பேரின் பதிவுகளைப் பார்த்தார். ஜன்னலில் மரங்கள் தெரிந்தவர்கள், செங்கல் சுவர் தெரிந்தவர்களைவிடச் சீக்கிரம் வீடு திரும்பினார்கள், கடுமையான வலி மருந்தும் குறைவாகத்தான் கேட்டார்கள்.

உளவியல் ஆய்வாளர்களான ரேச்சல் கப்லான், ஸ்டீபன் கப்லான் தம்பதி 1989-ல் எழுதியதும் உங்களுக்கு உதவும். களைத்த மனசு தேற நாலு அம்சங்கள் வேண்டும் என்கிறார்கள். அதில் ஒன்று, அன்றாட வேலையிலிருந்து விலகி வந்துவிட்டோம் என்ற உணர்வு. கொழுந்து எடுத்த பாட்டிக்குத் தேயிலைச் சரிவு ஏன் ஆறுதல் தரவில்லை என்பதற்கு அதுவே பதில்.

#9 ஒலிப்பதிவு_பித்து

சத்தம் பற்றி யாரும் எழுதவில்லையே. ஊட்டியில் குறும்படங்களுக்குச் சவுண்ட் செய்கிறேன். காற்றுச் சத்தம்தானே என்று நம் மலையில் பதிவு செய்து போட்டுவிடாதீர்கள். தைலமரத்துக் காற்று வேறு, சவுக்கு வேறு, பைன் வேறு. இங்கே பிறந்தவர்கள் கண்ணை மூடிக்கொண்டே இது எந்த மரம் என்று சொல்லிவிடுவார்கள். பின்னால் ஒரு கொண்டைக்குருவி கத்திவிட்டால் முடிந்தது கதை.

பாலையில் காற்றுக்குப் பாட மரமில்லை. காதோரம் உரசிப்போகும் ஒரு தாழ்ந்த இரைச்சல், பாறை இடுக்கில் நுழையும்போது கொஞ்சம் மாறும், அவ்வளவுதான். திரையில் குவிவர் மரம் அசையாமல் நிற்கும், புல் மட்டும் ஆடும் என்றால் சத்தமும் அந்தப் புல் அளவுக்குத்தான் இருக்க வேண்டும். காலடிச் சத்தத்தை மெல்லிதாக வையுங்கள். பெடலோடு அது பொருந்தினால் நடக்கிறோம் என்று உடம்பே நம்பும். பின்னணி இசை வேண்டவே வேண்டாம். எந்தப் பாட்டுப் போட்டாலும் யாருக்காவது ஒரு கல்யாணம் அல்லது ஒரு சாவு ஞாபகம் வரும்.

#10 முக்கோணம்

பெடலுக்கு என்ன சென்சார் மேடம்? ரீட் ஸ்விட்சும் (காந்தம் பக்கத்தில் வந்தால் இயங்கும் ஸ்விட்ச்) காந்தமும் என்றால், ஒரு சுற்றுக்கு ஒருமுறைதான் சிக்னல் வரும். அதை நேரடியாக வேகத்துக்குக் கொடுத்தால் விட்டு விட்டு இழுக்கும். சிக்னலுக்கும் சிக்னலுக்கும் உள்ள இடைவெளியை வைத்து வேகத்தைக் கணக்கிட்டு, அந்த வேகத்தை மெதுவாக ஏற்றி மெதுவாக இறக்குங்கள். பெடலை விட்டதும் பொசுக்கென்று நிற்கக் கூடாது.

இன்னொன்று, காசியன் ஸ்ப்ளாட்டிங் பார்த்தீர்களா? 2023-ல் வந்த முறை. முக்கோணமே இல்லாமல் லட்சக்கணக்கான மங்கலான புள்ளிகளாகச் செடியைக் காட்டும். கொடைக்கானல் சார் புலம்பிய முள்கூட அதில் அப்படியே வரும்.

#11 கோடைக்_கள்ளித்தோட்டம்

செய்து பார்த்தேன் தம்பி. முள், பூனைமுடி மாதிரி இருக்கும் வெள்ளை ரோமம் எல்லாம் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல வந்தது. ஆனால் எடுத்த நேரத்து வெளிச்சம் அதிலேயே உறைந்துவிடுகிறது. மேகமூட்டத்தில் எடுத்த செடியைப் பாலை வெயிலில் நிறுத்தினால் அது மட்டும் மழைநாளில் நிற்கும்.

#12 கோத்தகிரிக்காரி

ஆமாம், அதனால்தான் ஸ்ப்ளாட் பக்கம் போகவில்லை. என் நடையில் வெளிச்சம் மெதுவாக மாறிக்கொண்டே இருக்கும். காலை எட்டு மணி வெயிலில் தொடங்கி, மிதிக்க மிதிக்க நிழல் குறுகும்.

சென்சார் ரீட் ஸ்விட்ச்தான் தம்பி, நீங்கள் சொன்னபடி வேகத்தைச் சமப்படுத்துகிறேன். அதிகபட்சம் நொடிக்கு ஒரு மீட்டர், அதற்கு மேல் எவ்வளவு மிதித்தாலும் போகாது. எங்களிடம் ஒரு தாத்தா பக்கத்து நாற்காலிக்காரரை முந்த வேண்டும் என்றே மிதிப்பார். இங்கே முந்துவதற்கு எதுவும் இல்லை. தூரம், கலோரி, மதிப்பெண் என்று எந்த எண்ணும் திரையில் வராது. கணக்கை நான் தனியாக எடுத்துக்கொள்கிறேன்.

ஒலிப்பதிவு சார் சொன்னது முழுக்கச் சரி. பாட்டு கிடையாது.

பாதையை வடக்கிலிருந்து தெற்காக வைத்திருக்கிறேன். அங்கே வெயில் வடக்கில் நிற்பதால் நடப்பவரின் முதுகுப் பக்கமிருந்து வெளிச்சம் வரும், கண் கூசாது. கண்புரை உள்ளவர்களுக்கு இது பெரிய உதவி. இன்னொரு லாபமும் இருக்கிறது. நமக்குவாலாந்தில் ஆகஸ்ட், செப்டம்பரில் பூக்கும் சாமந்தி வகைப் பூக்கள் சூரியனைப் பார்த்துத்தான் விரியும், ஆக நமக்கு முகம் காட்டி நிற்கும். நடையின் கடைசிப் பகுதியில் மட்டும் ஆரஞ்சுப் பூக்கள் கொஞ்சம் வைக்கிறேன். வெறும் மண்ணில் அவ்வளவு தூரம் வந்த கண்ணுக்கு அந்தக் கொஞ்சமே போதும்.

நடுவில் ஒரு இடத்தில் வெள்ளைப் படிகக்கல் பரப்பு வருகிறது. அங்கே ஒரு பெஞ்ச் அளவு பாறை, அதன் முன்னால் கேமரா தானாக நின்று கொஞ்சம் குனியும். கூழாங்கல்லுக்கு இடையில் கூழாங்கல் மாதிரியே விரல்நுனி அளவுச் செடிகள். சட்டென்று தெரியாது. யார் முதலில் கண்டுபிடிக்கிறார்கள் என்று பேச்சு வரட்டும் என்றுதான் வைத்தேன், மிதிப்பவர்களுக்கு ஓய்வும் ஆச்சு.

#13 குன்னூர்_தாவரவியல்

படிகக்கல் பரப்பு நல்ல தேர்வு. நமக்குவாலாந்தின் தெற்கே க்நெர்ஸ்ஃப்லாக்டே என்ற சமவெளி அதற்கே பேர்போனது. வெள்ளைக்கல் வெயிலைத் திருப்பி அனுப்புவதால் பக்கத்து மண்ணைவிடச் சூடு குறைவு, அதனால்தான் அவ்வளவு சின்னச் செடிகள் அங்கே தாக்குப்பிடிக்கின்றன. ஆனால் குவிவர் மரத்தை அந்தப் பரப்புக்கு நடுவே நடாதீர்கள், அது பாறைச் சரிவை விரும்புவது. தள்ளி, பின்னணிக் குன்றில் வையுங்கள்.

குன்று என்றதும் நினைவு வந்தது. வடக்கே ரிக்டர்ஸ்வெல்டு மலைகளில் ஹால்ஃப்மென்ஸ் என்றொரு செடி உண்டு. கிளையில்லாத தூண்போல் ஆளுயரத்துக்கு மேல் நிற்கும், உச்சியில் மட்டும் ஒரு கொத்து இலை. உச்சி வடக்குப் பக்கமாகச் சாய்ந்தே வளரும். கிடைத்தாலோ நீங்களே செய்தாலோ, எல்லாவற்றையும் ஒரே திசையில் சாய்த்து நடுங்கள். இஷ்டத்துக்குத் திருப்பிவிட்டால் தெரிந்தவன் கண்ணுக்கு உறுத்தும்.

#14 கோத்தகிரிக்காரி

அந்த மாடல் எங்கும் கண்ணில் படவில்லை ஐயா, தூரத்தில்தானே நிற்கப் போகிறது, கையாலேயே செய்துவிடுகிறேன். திருப்பும் கோணத்தைப் பூட்டிவிட்டேன். நாம் தெற்கு நோக்கி நடப்பதால் குன்றில் இருப்பவை எல்லாம் நம்மைப் பார்த்துச் சாய்ந்து நிற்கும், எங்கள் ஆட்களுக்கு அது ரொம்பப் பிடிக்கும். படம் போடுகிறேன், சாய்மானம் சரியா என்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள்.

#15 சீகூர்_வாசி

அக்கா, சதுரக்கள்ளி படம் எடுக்க ஆரம்பிச்சுட்டேன். நியூஸ்பேப்பர் விரிச்சா ஆடு வந்து தின்னுது. வேற என்ன விரிக்கலாம்?

#16 கோடைக்_கள்ளித்தோட்டம்

தரையில் வளர்ந்த செடிக்கு எதுவுமே விரிக்க வேண்டாம் தம்பி. சுற்றியுள்ள கல்லும் சருகுமே போதும். ஆட்டை மட்டும் கட்டிப்போடுங்கள், நடுவில் வந்து நின்றால் அந்தப் படங்களையெல்லாம் தூக்கிப்போட வேண்டிவரும்.